வெட்டாமல் அனுப்புற கசெற்

வெள்ளவத்தை,
12.08.1997

அன்புள்ள அண்ணைக்கு,

தங்கச்சி பாக்கியலெட்சுமி எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லாரும் சுகம். அங்க கனடாவில குளிர் விட்ட மாதம் எண்டபடியால் உங்கட முழங்கால் வருத்தம் கொஞ்சம் குறைஞ்சிருக்கும் எண்டு நினைக்கிறன். உங்கட மகள் யசோதினியும் சுகமாய் இருக்கிறாள். அவளின்ர விசா அலுவல்தான் இன்னும் இழுபடுது.

இந்தக் கடிதத்தைக் கொண்டு வாற ஆள் ஒரு வீடியோ கசெற்றும் தருவார். என்ர மகள் சிந்துஜான்ர பத்தாவது பிறந்தநாள் கசெற். அண்ணை, தயவு செய்து முதல்ல கடிதத்தை வாசியுங்கோ. கசெற்றைப் பிறகு போடுங்கோ. வழக்கம்போல ரொறொன்ரோவில இருக்கிற எங்கட சனம் எல்லாத்தையும் கூப்பிட்டு வைச்சுப் பாக்காதேங்கோ. ஏன் எண்டு சொல்லுறன்.

பிறந்தநாளைப் பெரிசாய்ச் செய்யவேணும் எண்டது என்ர ஆசைதான். இவர், சிந்துஜான்ர அப்பா, வேண்டாம் எண்டவர். வன்னியில சனம் மரத்துக்குக் கீழ கிடக்க எங்களுக்கேன் பாட்டும் கூத்தும் எண்டு கேட்டார். நான் காதில போடேல்லை. ஒவ்வொரு செக் பொயின்ரிலயும் அடையாள அட்டையை நீட்டி நீட்டிப் பயந்து சாகிறம், ரெண்டு நாளைக்காவது மனுசராய் இருப்பம் எண்டு சண்டை பிடிச்சனான். சனிக்கிழமை ஹோலில மியூசிக் குறூப்போட பார்ட்டி, ஞாயிற்றுக்கிழமை படம் எண்டு நானே முடிவெடுத்தனான்.

பார்ட்டி களை கட்டினது உண்மைதான். கிற்றாரும் கீபோட்டும் டிரம்ஸுமாய் வந்த பெடியள் பைலா பாடிக் கிழடு கட்டையளையும் எழுப்பி ஆட வைச்சிட்டாங்கள். இவற்ற கம்பனி மனேஜரும் மனுசி மிஸிஸ் சிவபாதசுந்தரமும் ஹெவ்லொக் டவுனில இருந்து வந்திருந்தவை. அவை எங்கட வீட்டு விசேஷத்துக்கு வந்தது இதுதான் முதல் தரம். எனக்குக் கால் நிலத்தில பாவேல்லை.

ரோல்ஸ் தட்டுக் கொண்டுபோக ஆள் போதாமல் போச்சு. யசோதினியைக் கூப்பிட்டு, ஒருக்காக் கொண்டுபோய்க் குடு பிள்ளை எண்டனான். அவளுக்கு ஒரு புதுச் சட்டை எடுக்கவேணும் எண்டு நினைச்சு நினைச்சு, எடுக்கவேயில்லை. என்ர பழைய சட்டை ஒண்டைத் தானே ஒடுக்கித் தைச்சுப் போட்டிருந்தவள். வன்னியில இருந்து இஞ்சை வந்தும், அந்த வெயிலில காய்ஞ்ச மெலிவு அவளுக்கு இன்னும் மாறேல்லை.

கேக் வெட்டுறதுக்காகப் பாட்டை நிப்பாட்டின நேரம். மிஸிஸ் சிவபாதசுந்தரம் அவளின்ர தட்டில இருந்து ரோல்ஸ் ஒண்டை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்து, நல்ல அடக்கமான பெட்டை, எங்க பிடிச்சனீர், எங்கட வீட்டு வேலைக்கும் இப்பிடி ஒண்டு பார்த்துத் தாரும் எண்டு கேட்டா. நான் பல்லை இளிச்சுக்கொண்டு, பாப்பம், சொல்லி வைக்கிறன் எண்டனான். இது என்ர அண்ணையின்ர மகள் எண்டு சொல்ல வாய் வரேல்லை. அண்ணி ஷெல்லில செத்த பிறகு என்னை நம்பி நீங்கள் விட்ட பிள்ளை. அந்தத் தட்டோட பக்கத்திலதான் நிண்டவள். சீ, நானும் ஒரு மனுசி!

அடுத்த நாள் படத்துக்கு அவளையும் வா வா எண்டு இழுத்துக்கொண்டு போனனான். செய்த பாவத்தைக் கழுவலாம் எண்ட நினைப்பு. எனக்குப் பக்கத்திலதான் இருத்தினனான். தியேட்டரில லைற் நூர முதல் அந்த மிஸிஸும் உள்ள வாறா. நான் காண முதல் பிள்ளை கண்டிட்டாள். எழும்பிப் போய் முன்னுக்கு ஒரு மூலையில இருந்திட்டாள். இஞ்சை வா எண்டு கூப்பிட எனக்கு எவ்வளவு நேரம் வேணும்? கூப்பிடேல்லை அண்ணை. சனம் சிரிச்சது, விசிலடிச்சது. நான் அவளின்ர பின்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான். கதை என்ன எண்டு கேட்டால் எனக்குத் தெரியாது.

வீட்டை வந்து, ஏன் பிள்ளை தள்ளிப்போய் இருந்தனீ எண்டு கேட்டன். முன்னுக்கு இருந்தவற்ற தலை மறைச்சது, மாமி எண்டாள். நான் அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்போட்டு அழுதனான்.

நேற்று பௌஸி கசெற்றைக் கொண்டு வந்தவர். கொம்பனித்தெருவில இருந்து வந்து வீடியோ எடுத்தவர் அவர்தான். போட்டுப் பார்த்தால் எல்லாம் கிடக்கு. பாட்டு நிண்ட நேரம் எண்டபடியால் அந்த மிஸிஸ் கேட்டதும் நான் சொன்னதும் அட்சரம் பிசகாமல் கேக்குது. பிள்ளையின்ர முகமும் நேராய் விழுந்திருக்கு. பௌஸி நல்ல மனுசன். வேற ஒண்டும் கேக்கேல்லை, அந்தத் துண்டை வெட்டி விடட்டோ எண்டு மட்டும் கேட்டார்.

வெட்டச் சொல்லத்தான் வாயெடுத்தனான். பிறகு முதல்ல இருந்து திருப்பிப் போட்டுப் பார்த்தன். அண்ணை, முழுக் கசெற்றிலயும் உங்கட பிள்ளை அந்த ஒரு இடத்திலதான் இருக்கிறாள். குடும்பமாய் நிண்டு படம் எடுக்கேக்க அவள் குசினிப் பக்கம் நிண்டிருக்கிறாள், நாங்கள் ஒருத்தரும் தேடேல்லை. நீங்களோ எத்தினையோ வருசமாய் அவளைக் காணாமல் இருக்கிறீங்கள். போன முறை போனிலயும், பிள்ளை இப்ப எப்பிடி இருப்பாளோ எண்டு கேட்டு அழுதனீங்கள். வெட்ட எனக்கு மனம் வரேல்லை. என்ர மானம் போனால் போகட்டும்.

வடிவாய் வளர்ந்திருக்கிறாள். அண்ணியின்ர நாடி, உங்கட கண்.

மிஸிஸ் சிவபாதசுந்தரத்துக்கு நான் இன்னும் உண்மையைச் சொல்லேல்லை. இவற்ற வேலைக்குப் பிழை வந்திடும் எண்டு எனக்கு நானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு திரியிறன். நீங்கள் என்னை ஏசி எழுதுங்கோ. எவ்வளவும் ஏசுங்கோ, நான் வாங்குவன்.

ஒண்டே ஒண்டு கேக்கிறன். போன் எடுக்கேக்க பிள்ளையிட்ட, மாமி உன்னை எப்பிடிப் பாக்கிறா எண்டு மட்டும் கேக்காதேங்கோ அண்ணை. நல்லாப் பாக்கிறா எண்டுதான் அவள் சொல்லுவாள். பக்கத்தில நிண்டு அதைக் கேக்க என்னால ஏலாது.

அம்மன் உங்களையும் பிள்ளையையும் கெதியாய் ஒரு கூரைக்குக் கீழ சேர்த்து வைக்கட்டும்.

உங்கட தங்கச்சி எண்டு எழுதக் கூசுற,
பாக்கியலெட்சுமி