ஆள் உள்ளவனுக்கு மூச்சு

மார்ச் 4, செவ்வாய்

ஸ்கேன் எந்திரம் மறுபடியும் படுத்துவிட்டது. சரிசெய்யத் தலைநகர் கம்பாலாவிலிருந்து ஆள் வரவேண்டும். மழையில் மலைச்சாலை சரிந்து கிடக்கிறது, அவன் வந்த மாதிரிதான். அதுவரை கைபேசி விளக்கைக் கண்ணில் அடித்துக் கண்மணி சுருங்குகிறதா என்று பார்ப்பேன். நகத்தை அழுத்தினால் கை எப்படி விலகுகிறது என்று பார்ப்பேன். மண்டைக்குள் நடப்பதை அதை வைத்தே ஊகிக்க வேண்டும். குறி சொல்பவளுக்கும் எனக்கும் வித்தியாசம் ஒன்றுதான், அவள் ராத்திரி நன்றாகத் தூங்குவாள்.

தலைக்காய வார்டில் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்த வழியில்லை என்று போன மாதம் புலம்பினேன். இன்று பார்த்தால் எல்லாக் கட்டிலுக்கும் அடியில் செங்கல். சிஸ்டர் ஜோவனிஸின் வேலை. காம்பவுண்டுச் சுவருக்கு வந்த கல். "சுவர் நின்னா என்ன, நிக்காட்டா என்ன டாக்டர். தலை மேல இருக்கணும், அவ்வளவுதான்." மேஸ்திரி வந்து கத்திவிட்டுப் போனான். ஒரு கல்லைக்கூட எடுக்க விடவில்லை அவர்.

மார்ச் 5

விடிந்தும் விடியாமலும் இரண்டு பேரை ஒரே பிக்கப்பில் போட்டுக்கொண்டு வந்தார்கள். கொண்டுவந்தவர்கள் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள், பேருந்து நிலைய ஸ்டாண்டைச் சேர்ந்தவர்கள். அவர்களின் தலைவர் பங்கராசி, ஆள் பீப்பாய் மாதிரி, குரலும் அப்படியே.

"இவன் எங்க முகாபி, டாக்டரம்மா. ஸ்டாண்டு ஜாக்கெட்டு பாருங்க, நம்பர் பாருங்க. அந்த நாய் கடைசிச் சவாரியா பின்னாடி ஏறி, இரும்புக் கம்பியால அடிச்சிருக்கான். வண்டியோட ரெண்டு பேரும் விழுந்திருக்காங்க."

ஜாக்கெட் போட்டவன் வண்டிக்குப் பக்கத்தில் கிடந்தானாம். மற்றவன் வெறும் சட்டையோடு, வண்டி வந்த வழியில் கொஞ்சம் பின்னாலேயே சாலை ஓரத்தில். கம்பியும் அங்கேதான் கிடந்ததாம். இந்த வருஷம் இப்படி அடித்து வண்டியைப் பிடுங்குவது இது முதல் தடவை இல்லை.

இருவருமே ஆழ்ந்த மயக்கம். இரண்டு முகமும் வெந்த வாழைக்காய் போல வீங்கிக் கண் எங்கே மூக்கு எங்கே என்று தெரியவில்லை. முகாபிக்கு ஒரு கண்மணி விரிந்துவிட்டது, உள்ளே ரத்தம் கட்டுகிறது. அவனை உடனே எடுத்துக் கைத்துளைப்பானால் மண்டையைத் திறந்து கட்டியை எடுத்தேன். மற்றவனுக்குப் பின்மண்டையில் எலும்பு உள்ளே அமுங்கியிருக்கிறது. காயத்தைக் கழுவித் தைத்து மூலைக் கட்டிலில் போட்டோம்.

மூச்சுக்குழாய் இருவருக்குமே போடவேண்டிய நிலைதான். ஆனால் குழாய் போட்டால் அதில் மாட்டிய காற்றுப் பையை யாராவது கையால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சு எந்திரம் ஒன்றே ஒன்று, அது அறுவை அறையை விட்டு வராது. ஆள் உள்ளவனுக்கு மூச்சு, இங்கே எழுதாத சட்டம் அது. முகாபிக்கு ஒரு ஸ்டாண்டே இருக்கிறது. மூலைக்காரன் தானாக இழுத்துக்கொண்டிருக்கிறான். ஒருக்களித்துப் படுக்கவைத்து மூக்கில் ஆக்சிஜன் வைத்தேன், அவ்வளவுதான்.

மார்ச் 6

ஓட்டுநர்கள் முறை வைத்துக்கொண்டு அமுக்குகிறார்கள். ஜோவனிஸ் பாடம் எடுத்தார். "வேகமா அமுக்கினா மூளைக்கு ரத்தம் போகாது. மெதுவா அமுக்கினா வீங்கிடும். நீங்க ஒரு மூச்சு விடுங்க, அவருக்கு ஒண்ணு குடுங்க. உங்களுக்குப் போதும்னா அவருக்கும் போதும்."

பங்கராசி அமுக்கும்போது வாய் ஓய்வதே இல்லை. "டேய் முகாபி, சாயங்காலம் மேட்ச் இருக்குடா. உன் டீம்தான் தோக்கப் போவுது, எழுந்து பாக்க வேண்டாமா." மற்றவர்கள் சிரிக்கிறார்கள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

மூலைக்காரனையும் கொஞ்சம் புரட்டிப் போடுங்கள் என்று ஜோவனிஸ் கேட்டார். ஆளில்லாத நோயாளியைப் பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துக்கொள்வது இங்கே வழக்கம். பங்கராசி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவனையா சிஸ்டர்? எங்க கையை அவன் மேல வெச்சா, அப்புறம் புரட்ட அவனே இருக்க மாட்டான்."

மதியம் ஒரு போலீஸ்காரர் வந்து மூலைக்காரனின் காலைக் கட்டிலோடு விலங்கிட்டுவிட்டுப் போனார். நினைவே இல்லாதவன் எங்கே ஓடப்போகிறான் என்றேன். நினைவு வந்தா ஓடுவான்ல, என்றார்.

மார்ச் 7

மயக்க மருந்து டாக்டர் தங்கை நிச்சயதார்த்தத்துக்குப் போயிருக்கிறார். மூலைக்காரனின் எலும்பைத் தூக்கி எடுக்கும் வேலை திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போகிறது.

மார்ச் 8

மூலைக்காரன் அமைதியிழந்துவிட்டான். முனகுகிறான், இடது கையால் காற்றைப் பிடிக்கிறான், விலங்கு கட்டிலில் இடித்து வார்டு முழுக்கக் கேட்கிறது. விநோதம் என்னவென்றால் ஓட்டுநர்கள் பேசும்போதுதான் இது அதிகமாகிறது. பங்கராசியின் குரல் கேட்டால் இன்னும் மோசம்.

"எங்க குரலைக் கேட்டாலே நடுங்கறான் பாருங்க டாக்டரம்மா. குத்தமுள்ள நெஞ்சு."

மூளை அடிபட்டவர்கள் இப்படித்தான் அலைபாய்வார்கள். கையில் ஏற்றியிருந்த ஊசியைப் பிடுங்கப் பார்த்தான். கையைத் துணியால் கட்டிவிட்டு, தூக்க ஊசி கொஞ்சமாகப் போட்டேன். அடங்கினான்.

முகாபி நன்றாக இருக்கிறான். கண்மணி இரண்டும் சுருங்குகின்றன. அவனுடைய அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். சாலை சரிந்ததால் பாதி தூரம் நடந்துதான் வரவேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

எழுத வரவில்லை. எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

அந்த அம்மா காலையில் வந்தார். பெயர் கொபுருங்கி. முழங்கால்வரை சேறு. பங்கராசி எழுந்து, அமுக்குவதை நிறுத்தாமலே தலைவணங்கி, "வாங்கம்மா, பையன் தேறிட்டு வரான்" என்றார். அந்த அம்மா கட்டிலருகே நின்று பார்த்தார். முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போர்வையைத் தூக்கிக் காலைப் பார்த்தார்.

"இது யாரு?"

"வீக்கம்மா. வடிஞ்சா உங்க பிள்ளை முகம் வந்துடும்" என்றார் பங்கராசி.

"வீக்கம் காலையும் மாத்துமா? என் பிள்ளைக்குத் தட்டைப் பாதம். இது நான் பெத்த கால் இல்ல."

அவர் வார்டில் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டே நடந்தார், சந்தையில் தொலைந்த ஆட்டைத் தேடுகிறவர் போல. மூலைக்குப் போனதும் தரையில் உட்கார்ந்துவிட்டார். விலங்கு மாட்டிய பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தட்டைப் பாதம். நான் தினமும் பார்த்த பாதம்.

"எதுக்கு இவனைக் கட்டி வெச்சிருக்கீங்க?" அவ்வளவுதான் கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை.

ஜாக்கெட். அடித்துப் போட்டுவிட்டு, ஜாக்கெட்டைக் கழற்றித் திருடன் மாட்டிக்கொண்டிருக்கிறான், வழியில் மற்ற ஓட்டுநர்கள் பார்த்தால் சந்தேகப்படக் கூடாதென்று. கொஞ்ச தூரத்தில் மழைச்சேற்றில் சறுக்கி விழுந்திருக்கிறான். அவன் முகமெல்லாம் சாலையில் தேய்ந்த காயம். மூலையில் கிடந்த முகாபிக்குப் பின்மண்டையில் கம்பி அளவுக்கு ஒரு பள்ளம். பின்னால் உட்கார்ந்தவன் அடித்தால் முன்னால் இருப்பவனுக்குத்தானே பின்மண்டையில் விழும். என் விரலை வைத்துத் தடவிப் பார்த்த காயம். ஏன் யோசிக்கலை? ஜாக்கெட்டு சொன்னதை நம்பிட்டு ஏன் காயம் சொன்னதைக் கேக்கலை?

கடவுளே, அவன் நடுங்கலை. கூப்பிட்டிருக்கான். பங்கராசி அண்ணன் குரல் கேட்டுக் கூப்பிட்டிருக்கான். நான் கையைக் கட்டி ஊசி போட்டுட்டேன்.

பங்கராசியின் கை பையின் மேல் நின்றுவிட்டது. "அமுக்குங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "யாருக்கு டாக்டரம்மா?" பையை அப்படியே விட்டுவிட்டு மூலைக்கு ஓடினார். எல்லோரும் ஓடினார்கள். ஜோவனிஸ் பாய்ந்து பையைப் பிடித்தார்.

மயக்க மருந்து டாக்டருக்கு போன் செய்தேன். நிச்சயதார்த்தப் பந்தலிலிருந்து விழா உடுப்போடே வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை கூப்பிட்டிருந்தாலும் வந்திருப்பார். நான் கூப்பிடவே இல்லை. மாலைக்குள் எலும்பைத் தூக்கினேன். அடியில் மூளை கன்றிப்போயிருந்தது.

மார்ச் 10

திருடனின் பையை நானும் ஜோவனிஸும் வார்டு துடைக்கும் பெண்ணும் மாற்றி மாற்றி அமுக்கினோம். அடுத்த கட்டில் நோயாளியின் மனைவியைக் கெஞ்சினேன், அவரும் கொஞ்ச நேரம். காலையில் கை மரத்து, இனி குழாயை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். நினைத்ததை எழுதிவைக்கிறேன். அவன் தேறிவிட்டான் என்பதற்காக இல்லை, என்னால் முடியவில்லை என்பதற்காக நினைத்தேன்.

அப்போது பங்கராசி வந்தார். தூங்காத கண்.

"நகருங்க டாக்டரம்மா."

பயந்துபோய்ப் பையை விடவில்லை நான். அவர் என் கைமேலேயே தன் கையை வைத்து அமுக்கினார், ஒழுங்கான வேகத்தில்.

"இத்தனை நாள் என் கையால போன மூச்சு. இப்ப விட்டா கொன்னது நானாயிடும். இவன் என்னை அப்படி ஆக்கிடக் கூடாது." இன்னொரு மூச்சு கொடுத்துவிட்டு, "எழுந்திருக்கட்டும். முதல் அடி என்னோடது."

அவருடைய ஆட்கள் வார்டு வாசலில் நின்று அவரைக் கண்டபடி திட்டினார்கள். தலையில அடிபட்டது உனக்கா அவனுக்கா என்றான் ஒருவன். அவர் மூச்சு விட்டார், மூச்சு கொடுத்தார்.

மார்ச் 13

குழாயை எடுத்தேன். திருடன் தானாக மூச்சு விடுகிறான். முகாபி கண் திறக்கிறான், யாரையும் பார்ப்பதில்லை. வலது கை அசையவில்லை.

மார்ச் 14

போலீஸ்காரர் விலங்கை இந்தக் கட்டிலிலிருந்து அந்தக் கட்டிலுக்கு மாற்றினார். மன்னிப்பு கேட்கவில்லை. நானும்தான் இன்னும் கேட்கவில்லை.

மார்ச் 15

கேட்டேன். கொபுருங்கி அம்மா மகனுக்குக் கேழ்வரகுக் கஞ்சியை மூக்குக்குழாய் வழியாக ஊற்றிக்கொண்டிருந்தார். நான் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "கிண்ணத்தைக் கொஞ்சம் பிடிங்க" என்றார். பிடித்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 24

திருடன் பேசிவிட்டான். பெயர் சைலஸ். மாடு மேய்த்த மலை நினைவிருக்கிறது, அக்கா பெயர் நினைவிருக்கிறது. எப்போது இந்த ஊருக்கு வந்தான் என்பதே தெரியவில்லை. அந்தக் காலை, அந்த வாரம், ஒன்றுமே இல்லை. நடிக்கிறான் என்றார் போலீஸ்காரர். இத்தகைய அடியில் அடிபட்ட நேரமும் அதற்கு முந்தியதும் அழிந்துபோவது சாதாரணம், நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். இது நடிப்பில்லை.

பங்கராசியை வரச்சொன்னேன், தெரியட்டும் என்று. அவர் கட்டிலருகே வந்து தொண்டையைக் கனைத்ததும் சைலஸ் திரும்பினான். முகம் மலர்ந்துவிட்டது.

"இந்தக் குரல் எனக்குத் தெரியும். நீங்க எங்க அண்ணனா?"

பங்கராசி வெளியே போய்க் குழாயடியில் நின்றார். வெகுநேரம் கழித்து நான் போனபோது கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"அடிக்கலாம்னுதான் வந்தேன் டாக்டரம்மா. அடி வாங்க உள்ள ஆளே இல்லையே."

ஏப்ரல் 2

சைலஸைக் கொண்டுபோய்விட்டார்கள். நடந்தே போனான், ஒரு காலைக்கூட இழுக்கவில்லை. முதலில் மண்டையைத் திறந்தது அவனுக்குத்தான், முதலில் மூச்சு கிடைத்தவன் அவன். நல்ல வைத்தியம் என்ன செய்யும் என்று அவனைப் பார்த்தால் தெரிகிறது. பார்க்க முடியவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

இன்று முகாபி மறுபரிசோதனைக்கு வந்தான். பங்கராசி தன் வண்டியில் கூட்டிவந்தார், அம்மா பின்னால் பிடித்துக்கொண்டு. ஊன்றுகோலோடு நடக்கிறான். வலது கை உயரவில்லை, இனி வண்டி ஓட்டமுடியாது. ஸ்டாண்டில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறார்களாம், எந்த வண்டி முதலில் போகவேண்டுமென்று முறை சொல்வது அவன்தான். அவன் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாதாம்.

பேச்சு மெதுவாக வருகிறது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதை விட்டுவிட்டு வேறு சொன்னான்.

"அண்ணன்க எல்லாரும்... முறை வெச்சு... கையாலேயே எனக்கு மூச்சு குடுத்தாங்க, டாக்டர். அம்மா சொன்னாங்க. நான் அங்கதான் கிடந்தேனாம், எனக்கு ஒண்ணுமே தெரியலை." சிரித்தான், ஒரு பக்கம் மட்டும். "நிஜமா? அவ்வளவு நேரமா அமுக்கினாங்க?"

பங்கராசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் தெரிந்தது. நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் மகனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார்.

"நிஜம்தான். ஒரு தடவைகூட விடலை" என்றேன்.

அவனைப் பங்கராசி வெளியே கூட்டிப்போனதும், அந்த அம்மாவை நிறுத்தி, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அவன் இவங்களோடதானே இருந்தாகணும். தினம் இந்த முகங்களைத்தானே பாக்கணும்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "உங்களைப் பத்தியும் நல்லதாத்தான் சொல்லி வெச்சிருக்கேன்."