நிறுத்தி வைத்த பன்னிரண்டு பிளகின்களும் ஐயாவின் வெங்காயக் குறிப்புகளும்

கோப்பாய்,
ஐப்பசி 12

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கு ஐயா, அம்மா, நான் மூவரும் உடம்பால் சுகம். நோர்வேயில் நீங்களும் அண்ணியும் பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும், காதை மூடாமல் குளிருக்குள் போகவேண்டாம் என்று அம்மா எழுதச் சொன்னார். மாதாமாதம் உங்களுக்கு எழுதுகிறவர் ஐயாதான். இந்தமுறை பேனையைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். அதனால் அம்மா என்னைப் பிடித்து இருத்தி, "நீ எழுது தம்பி, முதல் சுகம் விசாரி, பிறகு ஊர்ப் புதினம் எழுது, சண்டை பிடிச்சு எழுதாதை" என்றார். சுகம் விசாரித்துவிட்டேன். ஊர்ப் புதினம், மழை தொடங்கிவிட்டது, சிவலைப் பசு நாம்பன் கன்று போட்டிருக்கிறது. மூன்றாவதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது.

கரவெட்டியில் நடந்ததை நான் போனில் பாதிதான் சொன்னேன். அங்கே தோட்டம் செய்கிற பெண்கள் சங்கத்துக்கு உதயகலா என்பவர் தலைவி, வெங்காய நோய்களைப் பற்றி வகுப்பெடுக்க ஐயாவைக் கூப்பிட்டிருந்தார். கணினியைப் பார்த்துக்கொள்ள நானும் போனேன். ஐயா தன் இணையத்தளத்தில் போட்ட படங்களையே காட்டுவம் என்றார். திரையில் திறந்தால் வெங்காயம் இல்லை, பொற்காசுக்கு நடுவில் அரைகுறை உடுப்போடு ஒருத்தி, கையில் தாயக்கட்டை, இப்போதே விளையாடு என்று ஆங்கிலத்தில் மின்னுகிறது, சூதாட்ட விளம்பரம். மூட மூட இன்னொன்று வந்தது. நாற்பது பெண்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஐயா, வெங்காயத்தை விட்டிட்டு உதிலை இறங்கினால் கெதியாய் வீடு கட்டலாம் போலை கிடக்கு" என்றதும் மண்டபமே சிரித்தது. பகிடிக்குத்தான் சொன்னார், ஐயாவும் சிரிக்கப் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை. உதயகலா வயரைப் பிடுங்கினார். படமில்லாமல் இரண்டு மணித்தியாலம் வகுப்பெடுத்து முடித்தார் ஐயா, முப்பத்துநாலு வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவருக்கு அது கஷ்டமில்லை. பஸ்ஸில் வரும்போது ஒன்றுதான் கேட்டார், "தம்பி, அவையள் இனி என்ரை பக்கத்தைத் திறப்பினமோ?"

பிளகின் என்றால் என்ன என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு பின்னேரம் போனது. தளத்தில் இல்லாத வசதியை மேலதிகமாகச் செருகுவது, ஐயாவுக்குத் தளம் செய்து கொடுத்த அண்ணை இருபத்துமூன்றைச் செருகினார், பாவித்தது பதினொன்று, மிச்சம் பன்னிரண்டும் நிறுத்தினபடி கிடந்தன என்றேன். "நிப்பாட்டினது என்ன செய்யும்?" என்றார், நீங்கள் கேட்ட அதே கேள்வி. நிறுத்தினாலும் கோப்புகள் அங்கேதான் கிடக்கும், ஓட்டை இருந்தால் செய்தவன் அதை அடைத்து அப்டேட் விடுவான், அதைப் போடவேண்டும், பாவிக்காததை அடியோடு அழிக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த ஓட்டையால் ஆரும் உள்ளே வரலாம் என்றேன். "அப்ப கஜானன் ஆக்களின்ரை குசினிக் கதவு மாதிரி" என்றார். அந்த வீட்டார் லண்டன் போய்ப் பதினொரு வருடம், முன் கேற்றில் பெரிய ஆமைப்பூட்டு, பின்னால் சமையலறைக் கதவைக் கறையான் தின்று முடித்து, போன மாதம் குத்துவிளக்கு வரை களவு போய்விட்டது. அம்மாவுக்கு ஒரு பின்னேரத்தில் விளங்கினது உங்களுக்கு இரண்டு வருடமாக விளங்கவில்லை. மார்கழியில் ஐயாவின் வெங்காயப் பாத்திக்கு மேலே பனி பெய்ய வைத்தீர்களே, அந்தப் பிளகின். வந்தவர்களை எண்ணுகிற பிளகின். படங்களைச் சுற்றிக் காட்டுகிற பிளகின், கள்ளன் வந்த வழி அதுதான், அதைச் செய்தவனே கைவிட்டு நாலு வருடம், அதற்கு இனி அப்டேட் வரவும் வராது. சித்திரையில் அதை அழியுங்கோ என்று சொன்னேன். "நிப்பாட்டித்தானே கிடக்கு, ஒருநாளைக்குத் தேவைப்படும், நீ உன்ரை வேலையைப் பார்" என்றீர்கள். நிர்வாகி உரிமை உங்களிடம் மட்டும். எழுதுகிற ஐயாவுக்குத் தன் தளத்தில் ஒரு பிளகினைக் கழற்ற உரிமை இல்லை.

அதையும் பொறுக்கலாம். கரவெட்டிக் கதையைக் கேள்விப்பட்டவுடன் ஐயாவிடம் ஒரு சொல் கேட்காமல் தளத்தின் இரண்டு வருடப் பழைய பிரதியைத் தூக்கி மேலே போட்டீர்கள். புதிய பிரதி இருக்கவில்லை, ஏனென்றால் பிரதி எடுக்கிற பிளகினும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. அந்த இரண்டு வருடத்தில் ஐயா எழுதிய அறுபத்தொரு குறிப்பு போய்விட்டது. ஆருடைய பாத்தியில் எந்தக் கிழமை நுனி கருகினது, என்ன அடித்தார்கள், எது பலிக்கவில்லை, எல்லாம் ஐயா ஒற்றை விரலால் நேரே தளத்திலேயே தட்டினவை, வேறெங்கும் இல்லை. தேடல் தளங்கள் சேர்த்து வைத்திருந்ததைத் துழாவி ஒன்பதை மட்டும் எடுத்தேன். "திரும்ப எழுதச் சொல்லு, பொழுதும் போகும்" என்று நீங்கள் சொன்னதை அப்படியே ஐயாவிடம் சொன்னேன். "உள்ளுக்கை வந்து குழப்பினவன் ஆரோ ஒரு கள்ளன், அழிச்சது என்ரை மூத்தவன். ஐயா அழிக்கட்டோ எண்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்தச் சூதுக்காரியோடையே கிடக்கட்டும் எண்டிருப்பன்" என்றார். அதற்குப் பிறகு கணினிக்கு முன்னால் இருக்கவில்லை. நேற்று நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. எல்லாவற்றையும் தானாக அப்டேட் செய்கிற புதுப் பிளகின் ஒன்று போட்டிருக்கிறீர்களாம். இருபத்துநாலு. வாழ்த்துகள்.

இனி என் பங்கு. எல்லாரும் வாசிக்கிற பக்கங்களைப் பிரதி எடுக்க நிர்வாகி உரிமை தேவையில்லை, அரை மணித்தியால வேலை. சித்திரையில் நீங்கள் மறுத்த அன்றே எடுத்திருக்கலாம். மறந்து விடவில்லை. ஒருநாள் உடையட்டும், அப்போதுதான் அண்ணைக்குப் புத்தி வரும் என்று வேண்டுமென்றே விட்டேன். உடைந்தது, ஆனால் உடைந்தது உங்களுடையது இல்லை, ஐயாவுடையது.

அனுப்ப முதல் ஐயாவுக்கு வாசித்துக் காட்டு என்று அம்மா பிடிவாதமாக நின்றார். வாசித்தேன். என் பங்கு என்ற கடைசிப் பந்தியையும் வாசித்து முடித்தேன். ஐயா கண்ணாடியைக் கழற்றி, "அப்ப ரெண்டு பேருமாய் என்ரை எழுத்தை வைச்சுப் போட்டி போட்டிருக்கிறியள்" என்றார். அந்தப் பந்தியை எடுத்துவிடட்டோ என்று கேட்டேன். "அழிக்காதை. உங்களுக்கு அதுதானே கைவந்த வேலை. அவனும் வாசிக்கட்டும்."

அம்மா உங்கள் மூவருக்கும் ஆசீர்வாதம் சொல்கிறார், பிள்ளைக்குத் தனியாக ஒன்று. ஐயாவின் ஆசீர்வாதத்தையும் எழுதட்டோ என்று கேட்டேன். "அவன் போன் எடுக்கட்டும், வாயாலை சொல்லுறன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை எடுங்கள். தளத்தைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவேண்டாம், நான் கதைத்துப் பார்த்தேன், எழும்பிப் போய்விடுகிறார்.

இப்படிக்கு,
அம்மா எழுதச் சொன்னதில் பாதியை மட்டும் எழுதிய தம்பி
சுபாஸ்கரன்