நைட் ஷிப்ட் லெவன் விலைக்குப் போகிறது

ஜூலை 6, ஞாயிறு

காலையில் தூறல். தங்கச் சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டுத் தூசி அடங்கியிருந்தது, அதுவரை நிம்மதி. துவைத்துப் போட்ட புடவை இரண்டும் இன்னும் ஈரம்.

தோற்றோம். 0–3. ஒன்பது பேரோடு ஆரம்பித்தது ஆட்டம். மீதி இரண்டு பேர் பங்காருப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் இரண்டு கோல் வாங்கியாச்சு. லீக்கில் நைட் ஷிப்ட் லெவன் கடைசி இடம். கீழே போக இடம் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் செக்ரெட்டரி தாமஸ் நடு வட்டத்தில் நின்று தொண்டையைச் செருமினார். வழக்கமாகச் சந்தா பாக்கியைப் பற்றித்தான் செருமுவார். இன்று வேறு. பெல்ஜியம் நாட்டுக் கம்பெனி ஒன்று கிளப்பை வாங்கக் கேட்கிறதாம். பையன்களுக்குச் சம்பளம், கோச், பூட்ஸ் எல்லாம் அவர்கள் செலவு. பதிலுக்கு, இனி நம் ஊர் ஆட்டங்கள் பெங்களூரில். பெயர் 'பெங்களூரு கோல்டு'. கறுப்பு மஞ்சள் ஜெர்சி போய் நீலம்.

பையன்கள்தான் முதலில் வாயைத் திறந்தார்கள்.

"பெல்ஜியம் எங்க கீது?"

"கண்ணாடி வர்ற ஊருடா. பெல்ஜியம் கண்ணாடி கேட்டதில்ல?"

"அப்ப வாங்கட்டும். நம்ம மூஞ்சி எப்டி கீதுன்னு நாமளும் பாக்கலாம்."

லோகு மாமா சிரிக்கவில்லை. மைன் பென்ஷன்காரர், வாய் மட்டும் இன்னும் சர்வீஸில் இருக்கிறது. "வெள்ளக்காரன் கீழ கீறதெல்லாம் தோண்டிக்கினு போனான். இப்ப மேல கீற கிரவுண்டும் வேணுமாமா?"

"கிரவுண்டு அவனுக்கு வேணாம் மாமா, அதான் பெங்களூர் போறாங்க" என்றார் தாமஸ். அதைக் கேட்டு இன்னும் கோபம் வந்தது மாமாவுக்கு. எனக்கும்.

இருபதாம் தேதி ஆட்டம் பார்க்க வருகிறார்கள். பிடித்திருந்தால் இருபத்தேழாம் தேதி மெம்பர்கள் முடிவு.

ஜூலை 8, செவ்வாய்

பெங்களூர் ரயில் லேட். எங்கள் பெட்டியில் அவரைக்காய் உரிப்பது நின்று போய் வாதம்தான். எல்லா வாயும் பெல்ஜியம்.

காதில் விழுந்தவை:
– பெயர் போனால் என்ன, பையன்கள் நம் பையன்கள்.
– அடுத்த வருஷம் அவர்களையும் மாற்றிவிடுவான்.
– விற்காவிட்டால் தீபாவளிக்குள் கிளப்பை மூடிவிடலாம்.
– மூடட்டும், நம் பெயரிலேயே மூடட்டும்.
– கோலார் இல்லாமல் கோல்டு எங்கிருந்து வரும்?
– அவரைக்காய் கிலோ என்ன விலை?

குப்பு எனக்கு எதிர் சீட். பழைய கோல்கீப்பர், இப்போது பெங்களூரில் ஓர் அப்பார்ட்மென்ட் கேட்டில் செக்யூரிட்டி. "இன்னும் கோல்கீப்பர்தான், கேட்டு மட்டும் பெருசாச்சு" என்பான். அவன் விற்கலாம் கட்சி. அவன் மகன் அருண்தான் எங்கள் ஃபார்வர்ட்.

என் கட்சி: வேண்டாம். என் காரணத்தை ரயிலில் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். வாரத்தில் ஆறு நாள் விடியும் முன் எழுந்து பெங்களூர் போகிறேன். கண் ஆஸ்பத்திரி கவுண்டரில் டோக்கன் கிழிக்கிறேன். இருட்டியதும் திரும்புகிறேன். இந்த ஊரை வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிறு காலை மட்டும், அந்த ஆட்டத்தில். ஏழாவது நாளும் பெங்களூரா? முடியாது.

ஜூலை 11, வெள்ளி

தலைவலி. மாத்திரை வாங்க மறந்தேன்.

குப்புவோடு சண்டை. நான்தான் ஆரம்பித்தேன். "உன் அப்பாவும் என் அப்பாவும் ஆரம்பிச்ச கிளப்பு, உனுக்கு வெக்கமா இல்ல?" என்றேன்.

"அவங்க ஆடும்போது கம்பெனி சம்பளம் வந்துகினு இருந்துச்சி யசோ. அருணுக்கு இன்னா வருது? நாளெல்லாம் பெங்களூர்ல பைக்ல சோத்துப் பொட்டலம் தூக்கறான். ராத்திரி வந்து பூட்ஸ தொடைக்கறான். உனுக்கு அது ஞாயித்துக்கெழம. எம்புள்ளைக்கு பொழப்பு."

எழுந்து வேறு சீட்டுக்குப் போனேன். ஒன்றாங்கிளாஸிலிருந்து தெரிந்தவன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு வந்தது இன்னும் உறுத்துகிறது.

ஜூலை 13, ஞாயிறு

இன்று ஆட்டம் இல்லை. வெயிலும் இல்லை. டீக்கடையில் லோகு மாமா காதோடு காதாக ஒரு யோசனை சொன்னார். வேண்டாம் கட்சிக்காரர்கள் ஐந்தாறு பேர், எல்லோரும் தலையாட்டினோம்.

"அவனுங்க வர்ற அன்னிக்கி யாரும் வாயத் தொறக்கக் கூடாது. கைதட்டு, விசிலு, ஒண்ணும் கெடையாது. செத்த ஊருன்னு நெனச்சிக்கினு போயிடுவான். யசோ, இன்னாம்மா, நீ மணி அடிக்கவே கூடாது."

மணி என்றால் மணி இல்லை, தண்டவாளத் துண்டு. மைதானத்து ஓரம் புங்க மரத்தில் தொங்குகிறது. கோல் விழுந்தால் மூன்று அடி. சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டுக்கு மணியில்தான் பேச்சு: மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறது என்று அர்த்தம். "மூணு கேட்டா உசுரோட மேல வர்றோம்னு அர்த்தம்" என்பார் அப்பா. அதையே கோலுக்கும் வைத்துக்கொண்டார்கள். அப்பாவுக்குப் பிறகு சுத்தியல் என்னிடம். மெம்பர் கார்டும் அவருடையதுதான்.

"சுத்தியலையே வீட்ல வெச்சிட்டு வரேன் மாமா" என்றேன்.

இந்த வருஷம் அதற்கு வேலையே இல்லை என்பது வேறு விஷயம்.

ஜூலை 16, புதன்

லீவு. அம்மாவுக்கு பிரஷர் செக்கப். பரவாயில்லை என்றார் டாக்டர், உப்பைக் குறைக்கச் சொன்னார். வரும் வழியில் ஊறுகாய் வாங்கினாள்.

பெல்ஜியக் கதையைச் சொன்னேன். அம்மாவுக்குப் பந்து என்றாலே ஆகாது. "உங்கப்பன் நைட் ஷிப்ட் முடிச்சிக்கினு மேல வருவான். தூங்காத அப்டியே ஓடுவான் கிரவுண்டுக்கு. நான் இங்க சோத்த வெச்சிக்கினு ஒக்காந்திருப்பேன்."

அப்படித்தான் கிளப்புக்கு அந்தப் பெயர். இன்றைக்கும் ஆட்டம் காலை ஏழு மணிக்கே. நைட் ஷிப்டும் இல்லை, மைனும் மூடிக் காலமாச்சு, ஆட்ட நேரம் மட்டும் மாறவில்லை. சின்ன வயதில் நான் பார்த்த அப்பா அதுதான்: முகம் கழுவியும் காதோரம் கறுப்பு, கண் இரண்டும் சிவப்பு, வலது ஓரமாய் ஓடுகிறார். சயனைட் மேட்டுச் சரிவெல்லாம் ஆட்கள். ஸ்கெலட்டன், நந்திதுர்க் என்று எல்லா மைன் குடியிருப்புப் பக்கமிருந்தும் கூட்டம். எனக்கு அந்தக் கூட்டம் வேண்டும். திரும்பி வராது, தெரியும். ஆனாலும் வேண்டும்.

அம்மா பருப்பு அரித்துக்கொண்டே சொன்னாள்: "அந்த மூணு அடி மட்டும் புடிக்கும். அது கேட்டாதான் அடுப்புல தண்ணி வெப்பேன். இன்னும் செத்த நேரத்துல சிரிச்சிக்கினே வருவான்னு தெரியும்."

இதை என்னிடம் இதுவரை சொன்னதே இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

காற்று. கண்ணெல்லாம் தூசி. சுத்தியலைப் பரண்மேல் போட்டுவிட்டுப் போனேன்.

பெல்ஜியக்காரர் ஒருவர், மொழிபெயர்க்க ஒரு பெங்களூர்ப் பெண். பனைமர உயரம் மனிதர். தொப்பி பறந்து போய் ஆடு மேய்கிற இடத்தில் விழ, தானே ஓடிப் போய் எடுத்து வந்தார். லோகு மாமா அதற்கே பாதி சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

முதல் பாதி 0–0. சொன்னபடி சத்தமில்லை. சாவு வீட்டில்கூட நாலு பேர் பேசுவார்கள். பையன்கள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அருண் பார்த்தபோது நான் என் செருப்பைப் பார்த்தேன். குப்பு எதிர்ப்பக்கம் தனியாகக் கைதட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டாம் பாதி. வலது ஓரமாய் அருணுக்குப் பந்து. ஒருவனைத் தாண்டினான். இன்னொருவன் காலை நீட்டினான், விழப் போய் நிமிர்ந்தான். மூலையிலிருந்து உள்ளே திரும்பி இடது காலால் ஓர் அடி. உள்ளே!

புங்க மரத்தடியில் பல்லைக் கடித்து நின்றேன். சத்தியமாக நின்றேன். லோகு மாமாதான் என் தோளை உலுக்கினார்.

"இன்னாம்மா பாத்துக்கினு கீற! அடி! அட, அடிம்மா!"

"சுத்தியல் இல்ல மாமா!"

காலடியில் கிடந்த அரைச் செங்கல்லை எடுத்து என் கையில் திணித்தார். அடித்தேன். மூன்று. நடுவில் என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. வேண்டாம் கட்சி முழுக்க மேட்டிலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்கியது. செல்போனை மரத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார் பெல்ஜியக்காரர், ஏதோ கிடைத்த மாதிரி.

1–0. ஜெயித்தோம்.

திரும்பும்போது என் வீட்டு வாசலில் மாமா, "நம்ம வாயே நமக்கு எமன்" என்றார்.

ஜூலை 22, செவ்வாய்

கேஸ் புக் பண்ணணும்.

தாமஸ் போன். அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். "அந்த மாதிரி ஜனங்கள எங்கயும் பாத்ததில்லன்றாரு யசோ." பிடித்த ஜனங்களை விட்டுவிட்டு டீமை மட்டும் கொண்டு போகிறார்கள். இன்னொன்றும் கேட்டார்களாம்: தண்டவாளத் துண்டும் வேண்டும், பெங்களூர் மைதானத்தில் மாட்ட.

"அது வராது" என்றேன். "கிளப்ப வித்தாலும் அது வராது. மரத்துக்கு சொந்தம்."

அரை மணியில் திரும்பக் கூப்பிட்டார். சரி என்றுவிட்டார்களாம், செல்போனில் எடுத்த சத்தம் போதுமாம்.

ஜூலை 27, ஞாயிறு

வெயில். முடிவு நாள்.

எங்கள் கிளப்பில் சீட்டு கீட்டு கிடையாது. நடுக்கோடு போட்டு நிற்பதுதான் ஓட்டு. சம்மதம் என்றால் பழைய சுரங்க வாய் இருக்கும் ஷாஃப்ட் பக்கம், இல்லை என்றால் மேட்டுப் பக்கம். எல்லாரும் எல்லார் முகத்தையும் பார்த்துத்தான் நிற்க வேண்டும்.

மேட்டுப் பக்கம் நின்றேன், மாமாவுக்குப் பக்கத்தில். எதிரே குப்பு. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டக்காரர்களுக்கு ஓட்டு இல்லை, அருண் கோட்டுக்கு வெளியே பூட்ஸைக் கையில் வைத்து நின்றான். கட்டை விரல் பக்கம் பூட்ஸ் பிளந்து, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. தாமஸ் எண்ண ஆரம்பிப்பதற்குள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவனிடம் போனேன்.

"இன்னாடா, போயே ஆவணுமா?"

"தெனம் பெங்களூர்தான் போறேன் அத்தே" என்றான். "ஒரு நாளாச்சும் பந்துக்காகப் போறேன்."

கோட்டைத் தாண்டினேன். யோசித்துத் தாண்டினேன் என்று சொல்ல முடியாது. கால் போயிற்று. பிழைப்புக்குப் போகிறவனை இழுத்துப் பிடிக்க நான் யார், தினம் போகிறவள் நானே. குப்பு நகர்ந்து இடம் விட்டான்.

"அங்க பூட்டியாம்மா?" என்றார் மாமா மேட்டுப் பக்கத்திலிருந்து. சத்தமாகக்கூட இல்லை.

ஷாஃப்ட் பக்கம்தான் ஆள் அதிகம். நான் தாண்டாவிட்டாலும் அதிகம்தான். அது ஆறுதலா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து குளிக்கும்போது அழுதேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஏழு வாரமாய் இந்த நோட்டைத் தொடவில்லை. ஞாயிறுகளில் தூங்கினேன்.

இன்று பெங்களூரில் முதல் ஆட்டம். போகவே மாட்டேன் என்று அம்மாவிடம் நேற்று வரை சத்தியம். விடிகாலை ஸ்டேஷனில் நின்றேன். ஞாயிறு ரயில், காலியாக இருக்கும் என்று பார்த்தால் எங்கள் பெட்டி நிறைய ஆள். வேண்டாம் கட்சி மொத்தமும். லோகு மாமா சட்டைக்கு மேலே பழைய கறுப்பு மஞ்சள் ஜெர்சி.

"பேத்திய பாக்கப் போறேம்மா" என்றார்.

"ஜெர்சி போட்டுக்கினா மாமா?"

"குளுருதில்ல."

குப்பு ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக் கொடுத்தான். நானும் உட்கார்ந்தேன், அவ்வளவுதான் சமாதானம்.

பெங்களூர் மைதானம் பிளாஸ்டிக் புல். விழுந்தால் முட்டி தேயாது, தூசி இல்லை. பையன்கள் நீலத்தில் யாரோ மாதிரி இருந்தார்கள். எண்ணைப் பார்த்துத்தான் அருண் என்று கண்டுபிடித்தேன். ஓட ஆரம்பித்ததும் எண் தேவைப்படவில்லை.

பாதி ஆட்டத்துக்குள் 1–1. கடைசியில் அருண் ஒன்று போட்டான், தலையால். கை தானாக மேலே போயிற்று, அடிக்க ஒன்றும் இல்லை. அப்போது ஸ்பீக்கரிலிருந்து வந்தது. டங், டங், டங். எங்கள் தண்டவாளம். நடுவில் ஒரு பொம்பளைக் குரல், 'அப்பா! அப்பா!' என்று. பின்னாலேயே ஒரு கிழவர், 'அடிம்மா!'

அன்று கத்தியது அதுதானா?

லோகு மாமா ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்.

திரும்பி இறங்கியபோது மாலை, நல்ல வெளிச்சம். வீட்டுக்குப் போகாமல் நேராகக் கிரவுண்டுக்குப் போனேன். ஆடுகள் மட்டும். அந்த அரைச் செங்கல் மரத்தடியிலேயே கிடந்தது. எடுத்து மூன்று அடித்தேன். பைத்தியம் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா டீத்தூள் டப்பாவைத் திறந்தபடி, திரும்பாமலே கேட்டாள்.

"யாரு போட்டது?"

"குப்பு மவன்" என்றேன்.