எட்டு மணி நேரம் தூங்கியவன்

நாள் 58, காலை 6.40

நிலவின் தென்முனை, பனித் துளைப்பு நிலையம். பணியில் இருப்பவன் நான் ஒருவன்தான்: ரீகன் பர்னாந்து. காற்றழுத்தம் சரி. மின்கலங்கள் சரி. துளைக்கருவி நேற்று நான்கு மீட்டர் இறங்கியது. அடுத்த வாரம் நாச்சம்மை இறங்கி வந்து என் பணியை ஏற்றுக்கொள்வாள். மேலே சுற்றும் தாய்க்கலத்தில் இப்போது தனியாக இருக்கிறாள்.

தூக்கம்: எட்டு மணி நேரம் என்கிறது கைப்பட்டை. பச்சை விளக்கு. மூன்று அலாரம் அடித்துத்தான் எழுந்தேன்.

நாள் 60, மாலை 5.15

மாதிரிக் குழாய் ஒன்றில் தவறான எண்ணை ஒட்டிவிட்டேன். கழற்றி, திரும்பவும் அதே தவறான எண்ணை ஒட்டினேன். கையேட்டின் ஒரே வரியை நாலு தடவை படித்தேன், ஏறவில்லை. 'வால்வு' என்ற சொல் வாயில் வராமல் 'அந்தத் திருகு, அந்தத் திருகு' என்று எனக்கு நானே கத்திக்கொண்டிருந்தேன்.

தரைக்கட்டுப்பாட்டில் இருக்கும் கோமதிநாயகத்திடம் சொன்னேன். தனிமை அப்படித்தான் செய்யும், பாட்டுக் கேளுங்கள் என்றார். எரிச்சல் மண்டைக்கு ஏறியது. இணைப்பைத் துண்டித்துவிட்டேன். நான் அப்படிப்பட்டவன் இல்லை.

நாள் 61, பகல் 11.30

வண்டியில் துளைமேட்டுக்குப் போனேன். வழியில் நின்ற மஞ்சள் கொடிகளில் இரண்டை எண்ணியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவில் இருப்பது பள்ளத்தின் விளிம்பு. முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் நின்றது. நடுவில் ஒன்றும் இல்லை. கண்ணை மூடியதாகக்கூடத் தெரியவில்லை.

பின்னோக்கி எடுத்து நிறுத்திவிட்டு, தலைக்கவசத்துக்குள்ளேயே அழுதேன். துடைக்க முடியாத இடத்தில் அழக் கூடாது.

வண்டியிலேயே தூங்கியிருக்கிறேன், இரவுத் தூக்கம் சரியில்லை என்று தரைக்கு எழுதினேன். கோமதிநாயகம் அனுப்பியது:

"சார், கைப்பட்டைல எட்டு மணி நேரம்னு தெளிவாக் காட்டுது. நீங்க நல்லாத்தான் தூங்குறீங்க. டாக்டரும் பாத்துட்டாங்க."

தூங்கியவனுக்குத் தெரியாதாம், பட்டைக்குத் தெரியுமாம்.

நாள் 62, பகல் 2.05

பட்டையை நம்பாமல் நானே சோதித்தேன். வேலைக்கு நடுவே நாற்காலியில் சாய்ந்து, கையில் ஒரு கரண்டியைப் பிடித்துக்கொண்டேன். கீழே தட்டு. தூங்கினால் பிடி தளர்ந்து கரண்டி விழும். நன்றாகத் தூங்கி எழுந்தவனுக்குப் பட்டப்பகலில் அவ்வளவு சீக்கிரம் கண் சொக்காது. கடிகாரத்தைப் பார்த்துக் கண்ணை மூடினேன். நிலவில் எதுவும் மெதுவாகத்தான் விழும். அப்படியிருந்தும் இரண்டு நிமிடத்துக்குள் தட்டு ஒலித்தது. பசித்தவன் இலையில் பாய்கிற மாதிரி உடம்பு தூக்கத்தில் பாய்கிறது.

முடிவைத் தரைக்கு அனுப்பினேன். கரண்டிச் சோதனை நடைமுறையில் இல்லை என்று பதில் வந்தது.

நாள் 63, இரவு 9.20

படுக்கை அறையின் பலகையைக் கழற்றினேன். தலைமாட்டுக் காற்றாடி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அசையாமல் படுத்தால் ஆளே இல்லை என்று நினைத்து, மின்சாரத்தை மிச்சப்படுத்த நின்றுவிடுகிறது. விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே தேங்குகிறது. மூச்சு முட்டிப் பாதி விழித்துப் புரள்கிறேன், காற்றாடி சுற்றுகிறது, மறுபடி கண்ணயர்கிறேன். இரவு முழுக்க இதே கூத்து. காலையில் எனக்கு எதுவும் நினைவில்லை. பட்டையோ கிடந்த நேரத்தை எல்லாம் தூக்கமாக எழுதிவிடுகிறது.

காற்றாடி நிற்காமல் ஓடும் கிடங்கு அறைக்குப் படுக்கையை இழுத்துப் போகிறேன்.

நாள் 64, காலை 7.50

அலாரம் அடிக்கும் முன்பே எழுந்தேன். தேநீரில் இஞ்சி இருப்பது நாக்குக்குத் தெரிந்தது. கோமதிநாயகத்தைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அப்புறம்தான் உறைத்தது: தாய்க்கலத்திலும் இதே படுக்கை அறை, இதே காற்றாடி.

நாச்சம்மையின் இறக்கத்தை இரண்டு நாள் தள்ளுங்கள், அவள் வேறிடத்தில் படுத்துத் தூங்கட்டும் என்றேன். கூட்டம் போட்டார்கள். அவள் பட்டையும் பச்சைதான், அவளும் குறை சொல்லவில்லை, எரிபொருள் கணக்கு இடம் தராது என்றார்கள். மேசையைக் குத்தியதில் விரல் வீங்கியிருக்கிறது.

நாள் 65, காலை 10.12

இறங்குகலம் பிரிந்துவிட்டது. இயந்திரம் தானாக இறக்கும்; கடைசியில் பாறை இல்லாத இடம் பார்த்துக் கையால் இறக்க வேண்டியது நாச்சம்மை. அவளிடம் நேரடியாகக் கேட்டேன்: காலையில் எத்தனை அலாரம்?

"நாலு. அதுக்கென்ன இப்ப? எல்லாரும் ஏன் இதையே நோண்டுறீங்க?"

அவளும் இப்படிப் பேசுகிறவள் இல்லை.

10.31

உயரத்தைச் சொல்லிக்கொண்டே வர வேண்டியவள் ஒன்பது கிலோமீட்டரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கூப்பிட்டேன். கத்தினேன். அலாரத்தை ஒலிவாங்கியில் வைத்து அடித்தேன். தொண்டை கிழிந்துவிட்டது. நான்கு கிலோமீட்டரில் பதில் வந்தது.

"சொல்லுங்கண்ணே. என்னத்துக்கு இந்தச் சத்தம்?"

தூங்கிவிட்டாய், இறங்காதே, மேலே ஏற்று என்றேன்.

"நான் எங்க தூங்குனேன்? நீங்க இப்பத்தான கூப்பிட்டீங்க?"

10.33

சன்னலில் அவள் விளக்கு தெரிகிறது. நேராகப் பாறைக்காட்டின் மேல். நாச்சம்மை, மேலே ஏற்று. நாச்சம்மை.

மறுபடி தூங்கிவிட்டாள். விளக்கு இறங்கிக்கொண்டே—