ஐந்தரை மணித் தட்டு

என்னங்க,

போனில் சொன்னால் வேறு பேச்சுக்குப் போய்விடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். திண்டிவனத்தில் புதிதாகத் திறந்த பிஸ்கட் கம்பெனியில் நான் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது.

மதிய ஷிப்டுக்கு இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு. நாங்கள் சமணர், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம் என்று சொன்னேன். சூப்பர்வைசர் இருதயசெல்வி அக்கா ஐந்தரைக்கே எனக்குத் தட்டு வாங்கி வைக்கிறார். "ஜல்தி சாப்புடு, வெயில் போய்க்கினு இருக்குது" என்பார்.

அப்போது உங்கள் நினைப்பு வந்துவிடும். விழுப்புரம் கடையில் வேலை முடிந்து, பஸ் பிடித்து, தெருமுனையிலிருந்து ஓடி வருவீர்கள். நான் தட்டோடு வாசலில் நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பஸ் தாமதமான நாளில் இருவரும் பட்டினி. அதற்கும் சிரித்தோம்.

அந்தக் கடையை மூடியதும் வேலைக்காக ஓசூருக்குப் போனீர்கள். மூன்று வருடமாகிறது. அங்கே எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நான் கேட்டதே இல்லை.

அடுத்த மாதம் எங்கள் கம்பெனியில் இன்னும் ஐம்பது பேரை எடுக்கிறார்களாம். வரச் சொல்லி எழுதவில்லை. நேற்று அக்காதான் கேட்டார்: "உன்ன மாரி வேற யாருனா வருவாங்களா? கேன்டீன்ல சொல்லணும்."

ஒருவர் வருவார் என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் தட்டோடு நிற்பவள்