அக்கா பெயரில் வந்தவன்

4 ஜூன்

தங்கைக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. போனில் எழுதினால் இதுவும் யாரோ என்று நினைப்பாய். அதனால் என் கோணல் கையெழுத்திலேயே எழுதுகிறேன்.

முகநூலில் என் படத்தை ஒட்டிக்கொண்டு எவனோ உன்னிடம் நட்புக் கேட்டிருக்கிறான். நீயும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்திருக்கிறாய். கேட்டதும் என் மகள் குட்டியின் படங்கள், கல்லூரி, வகுப்பு எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்திருக்கிறாய். குட்டி கேட்டபோது நீயே ஒப்புக்கொண்டாயாம். இப்போது அவள் பெயரில் ஒரு போலிக் கணக்கு. "என் அந்தரங்கப் படம் வேணுமா? இதை அழுத்து" என்று அவளோடு படிப்பவர்களுக்கெல்லாம் செய்தி போகிறது. நேற்று என் தையல் கடைக்குத் துணி கொடுக்க வந்த அம்மாள் போனை நீட்டி, "இது உங்க பொண்ணுதானே?" என்றாள். கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

குட்டி ஆறு நாளாகக் கல்லூரிக்குப் போகவில்லை.

என் படம் ஒட்டிய அந்தக் கணக்கைத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இருப்பது ஒரே ஒரு படம். ஆய்வகத்தில் ஒரு சொட்டு ரத்தத்தை நான்கு முறை பார்க்கிறவளுக்கு இது கண்ணில் படவில்லையா? நான் என்றைக்காவது உன்னை "டியர்" என்று கூப்பிட்டிருக்கிறேனா?

அக்கா

11 ஜூன்

அக்காவுக்கு,

குட்டியின் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். உன் காலில் விழமாட்டேன்.

நீ என்னோடு பேசி மூன்று வருடம் ஆகிறது. நான் என் கணவரை விட்டு வந்த அன்று, சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்த கூடத்தில், "இவளுக்கு வாழத் தெரியல" என்றாய். அதன் பிறகு ஒரு போன் கிடையாது. திடீரென்று உன் முகத்தோடு, "பழசையெல்லாம் விடு, எப்படி இருக்க?" என்று வந்தது. ஆய்வகக் கழிப்பறையில் நின்று அழுதேன்.

சந்தேகம் வராமல் இல்லை. உன்னிடமே கேட்டுவிடலாம் என்று எடுத்த போனை வைத்துவிட்டேன். அது நீ இல்லை என்று தெரிந்துவிட்டால்?

அந்த மோசடிக்காரன் இருபது நாள் எனக்கு அக்காவாக இருந்தான். நீ?

தங்கை

19 ஜூன்

வாலு,

உன் கடிதத்தைக் கிழிக்கத்தான் போனேன். குட்டி பிடுங்கிப் படித்தாள். "சித்தி ஏமாந்ததுக்கு நீயும்தாம்மா காரணம்" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

திங்கட்கிழமை அவளாகவே கிளம்பிக் கல்லூரிக்குப் போனாள். வகுப்பில் எல்லார் முன்னாலும் நின்று, "அது நான் இல்ல. ஆசைப்பட்டு அழுத்தினவங்க போனுக்குள்ள திருடன் புகுந்திருப்பான், பார்த்துக்கோங்க" என்றாளாம். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நாற்பது பேர் சேர்ந்து அந்தக் கணக்கின் மேல் புகார் கொடுத்தார்கள். காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். புதன்கிழமை கணக்கு போய்விட்டது. படங்கள் எங்கெங்கே போயிருக்கின்றனவோ, யாருக்குத் தெரியும்? அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. சீக்கிரத்தில் ஆறும் என்றும் எதிர்பார்க்காதே.

கூடத்தில் நான் சொன்னது தப்பு. இதைச் சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆனது. அவனுக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்திருக்கிறது.

இனி என் பெயரில் எது வந்தாலும், எவ்வளவு இனிப்பாகப் பேசினாலும், முதலில் என்னைக் கூப்பிட்டுக் கேள். திட்டுவேன். ஆனால் எடுப்பேன்.

அக்கா