அக்கா வரையாத வளைவு

மார்ச் 3, செவ்வாய்

காலை முழுக்க ‘கு’வுக்கும் ‘ரு’வுக்கும் நடுவே இடைவெளி வைப்பதிலேயே போயிற்று. ஒட்டினால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன, விலக்கினால் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி நிற்கின்றன.

நேற்று அக்காவிடம் கொடுத்த சோதனை அச்சு திரும்பி வந்தது. எட்டுப் பக்கம். ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. ‘எல்லாம் சரி’ என்றாள். எல்லாம் சரியா? போன மாதம் ஒரு முற்றுப்புள்ளிக்காக என்னை அழவைத்தவள். புள்ளி வட்டமாக இருக்க வேண்டுமா சதுரமாக இருக்க வேண்டுமா என்று அரை நாள் சண்டை போட்டவள்.

பஸ் கம்பெனிக்காரருக்கு நாங்கள் செய்துகொண்டிருக்கும் எழுத்துரு இது. பெயர் ‘நேர்’. மூக்கு, கொக்கி, குஞ்சம் எதுவும் இல்லாத சான்ஸ் செரிஃப். தமிழும் ஆங்கிலமும் ஒரே குடும்பம். டிக்கெட்டில் கடுகளவாகவும் வரவேண்டும், பஸ்ஸின் நெற்றியில் முழ அளவாகவும் வரவேண்டும். ஒரே ஆள் எல்லா வேலைக்கும். அக்கா வரைவாள். இடைவெளி, கோடிங், பிழை பார்ப்பது எல்லாம் நான். அவள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். இத்தனை வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

எல்லாம் சரியாம்.

மார்ச் 5

இன்றும் ‘எல்லாம் சரி’. நான் வேண்டுமென்றே ‘ண’வின் ஒரு சுழியைக் கொஞ்சம் நசுக்கிவைத்திருந்தேன்.

மார்ச் 9, திங்கள்

ஃபைலைத் திறந்தால் ‘ர’வுக்குக் கால் முளைத்திருக்கிறது. அடியில் சாய்வாக, நன்றாக நீளமாக.

இதற்காக நான் எவ்வளவு மன்றாடியிருப்பேன்! ‘ர’வும் துணைக்காலும் ஒரே மாதிரி இருந்தால் அவசரத்தில் படிக்கிறவர் தடுமாறுவார் என்று. ‘வாக்கியத்துல வச்சுப் படிச்சா தெரிஞ்சிடும்டி. ஊறுகாய் மாதிரி எல்லாத்துக்கும் ஒரு வால் வைக்காதே’ என்று என் வாயை அடைத்தாள். இப்போது அவளே வைத்திருக்கிறாள். அதோடு விட்டாளா? ஆங்கில e, c, a எல்லாம் கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்துகொண்டிருக்கின்றன.

‘யாரு சொல்லி மாத்தினே?’

‘யாரு சொல்லணும்? எனக்கே தோணுச்சு.’

அக்காவுக்கு ‘எனக்கே தோணுச்சு’ என்று ஒரு நாளும் எதுவும் தோன்றியதில்லை. அவளுக்கு எல்லாமே முதலிலேயே தெரிந்திருக்கும்.

யாரோ பின்னால் இருக்கிறார்கள்.

மார்ச் 12, வியாழன்

மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்ப் பக்கம் அக்கா வந்தாள். கையை ஆட்டினேன். என் பக்கம் நேராகப் பார்த்தாள் – சத்தியமாகப் பார்த்தாள் – அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டாள். கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே மூடிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற பெண்மணி என் கையைப் பார்த்தார். தலை கோதுவதுபோல் சமாளித்தேன்.

கூடப் பிறந்தவளைத் தெருவில் தெரியாததுபோல் போகிற அளவுக்கு என்ன நடந்துவிட்டது?

மார்ச் 16, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்.

கம்ப்யூட்டரில் வளைவு வரைய ஒவ்வொருவரும் புள்ளி வைக்கும் விதம் கையெழுத்து மாதிரி. அக்கா மேலே, கீழே, இடம், வலம் என்று நான்கே புள்ளியில் வட்டத்தை முடிப்பவள். ஐந்தாவது புள்ளி வைப்பவனுக்குக் கையில் பிடிமானம் இல்லை என்பாள். இன்று சிறிய a-வைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வயிறு தண்டில் சேருகிற இடத்தில் கூடுதலாக ஒரு புள்ளி. ‘ண’விலும். ‘ஓ’விலும். அந்தப் புள்ளி யாருடையது என்று எனக்குத் தெரியும்.

சன்னம்.

எங்களிடம் வேலை பார்த்த பெண். எதை வரைந்தாலும் இழை இழையாக வரைவாள் என்று அக்கா வைத்த பெயர். போன வருஷம் பெரிய கம்பெனிக்குப் போனாள். எங்களுக்கு எதிராக இதே பஸ் வேலைக்குப் போட்டி போட்டுத் தோற்ற கம்பெனி.

ஆக, அங்கே போகப்போகிறாளா அக்கா? இல்லை, ‘நேர்’ஐயே கொண்டுபோய்க் கொடுக்கிறாளா? அதுதான் என் அச்சைப் பார்ப்பதில்லையா? விட்டுவிட்டுப் போகிற வீட்டுக்கு எவள் ஒட்டடை அடிப்பாள்!

மார்ச் 17

கொஞ்ச வாரமாகச் சனிக்கிழமைகளில் அக்கா வீட்டில் இருப்பதில்லை. அத்தானிடம் கேட்டேன். ‘சனிக்கிழமை ஆனா அக்கா எங்கே போறா?’

அத்தானுக்குப் பொய் சொல்ல வராது. காதுமடல் முதலில் சிவக்கும். ‘நீச்சல் கிளாஸ்’ என்றார்.

குளிக்கும்போதே மூக்கைப் பிடித்துக்கொள்கிறவள் நீச்சல் கற்கிறாளாம்.

‘எந்த நீச்சல் குளம் அத்தான்?’

‘அது... பெரிய குளம்’ என்று சொல்லிவிட்டு, கொதிக்காத பாலை இறக்கிவைக்க உள்ளே போனார்.

அவரும் உடந்தை.

மார்ச் 20, வெள்ளி

பஸ் கம்பெனிக்காரருடன் கூட்டம். எப்போதும் அக்காதான் பேசுவாள். இன்று லேப்டாப்பை என் பக்கம் தள்ளிவிட்டாள். ‘இவதான் எல்லாம். இவ கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளி போகாது’ என்று வேறு சொன்னாள். நான் திகைத்துப்போனேன். இவள் வாயால் ஒரு பாராட்டு வாங்க ஏங்காத நாள் கிடையாது.

விலகப்போகிறவர்கள்தான் இப்படித் தூக்கிவைத்துப் பேசுவார்கள்.

கம்பெனிக்காரர் டிக்கெட் மாதிரியைக் காட்டி, ‘இந்த ஊர்ப் பேரு படிக்க முடியுதா மேடம்?’ என்றார். அக்கா அதைக் கையில் வாங்கவே இல்லை. ‘தங்கச்சி சொல்லுவா’ என்றாள்.

மார்ச் 23

மூல ஃபைல்களைப் பூட்டிவிட்டேன். என்னைத் தவிர யாரும் திறக்க முடியாது. செய்துவிட்டு ஒரு காபி போட்டுக் குடித்தேன். பாதி குடித்த பிறகுதான் சர்க்கரை போடாதது தெரிந்தது. குற்ற உணர்ச்சியா? ஏன் வேண்டும்? எனக்கும் பாதி உரிமை இருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

இதை எழுதத்தான் வேண்டும்.

பதினொரு மணி வாக்கில் வாசலில் மணி. சன்னம் நிற்கிறாள். ‘சின்ன மேடம், ஃபைல் திறக்க மாட்டேங்குது. நீங்க பூட்டினீங்களா?’

என்ன நெஞ்சழுத்தம்! எனக்கு வந்ததே கோபம். ‘எங்க வீட்டுப் பெட்டிய ஏன் பூட்டினேன்னு என்னையே கேக்க வந்தியா? இன்னும் என்னென்ன எடுத்துட்டுப் போகணும்? நாற்காலிய எடுத்துக்கறியா?’ என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அவள் ‘பெரிய மேடத்தக் கேளுங்க’ என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழ ஆரம்பித்துவிட்டாள்.

சத்தம் கேட்டு அக்கா வந்தாள். நான் a-வைப் பக்கம் நிறைய அச்சடித்து வைத்திருந்தேன். அதை அவள் கையில் திணித்தேன். ‘இது யாரு கை? சொல்லு. உன் கையா இது?’

அவள் தாளைப் பார்க்கவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். அந்த அலட்சியம்தான் என்னை உடைத்தது.

‘என் மூஞ்சியப் பாத்துப் பேசு!’

‘உன் மூஞ்சியப் பாத்தா உன் மூஞ்சி தெரியலடி’ என்றாள்.

முதலில் எனக்குப் புரியவில்லை. ஏதோ வசனம் பேசுகிறாள் என்று நினைத்தேன். அப்புறம் அவளே சொன்னாள், கடைக் கணக்குச் சொல்வதுபோல். இரண்டு கண்ணிலும் நடுவில் கறை. பார்க்க வேண்டும் என்று நினைக்கிற எழுத்து மட்டும் இருக்காது, சுற்றியிருப்பது எல்லாம் இருக்கும். சுவரைப் பார்த்தால் நான் ஓரமாகத் தெரிவேனாம். சனிக்கிழமை சனிக்கிழமை போவது சன்னத்தின் அறைக்கு. அக்கா வாயால் சொல்வாள், சன்னம் வரைவாள். நடுவில் கண் டாக்டரிடமும் போய்வருகிறாள்.

மருந்துக் கடை வாசலில் நான் கையாட்டியது அவளுக்குத் தெரியவே இல்லை.

மார்ச் 25

பூட்டைத் திறந்தேன். வேறு எதுவும் செய்யவில்லை.

மார்ச் 26, வியாழன்

‘அவகிட்ட சொல்லத் தெரிஞ்சுது. என்கிட்ட சொல்லத் தெரியலையா?’ என்று கேட்டேன். இரண்டு நாளாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

‘நீ என்னை விட்டதே இல்லடி. சரியா இல்லன்னா சரியா இல்லன்னு சொல்லுவ. கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா, போகட்டும் பாவம்னு விட்டுடுவ. அப்புறம் யாரு என்கூட சண்டை போடறது?’

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முழுக் காரணம் இதுதானா? பஸ் வேலை கைவிட்டுப் போய்விடும் என்ற பயமும் இருந்திருக்கும். தன் பலவீனத்தைத் தங்கை பார்க்கக்கூடாது என்ற வீம்பும் இருந்திருக்கும். அக்கா எல்லாக் காரணத்தையும் சொல்லமாட்டாள். நல்லதாக ஒன்றைப் பொறுக்கி முன்னால் வைப்பாள்.

எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. கண் தெரியாதவளிடம் கோபப்படலாமா? படலாம். படுகிறேன்.

அவள் கண்ணை மனதில் வைத்து ‘நேர்’ஐ மறுபடி பார்த்தேன். நீளமான காலும் திறந்த வாயும் யாரோ சொல்லிக்கொடுத்தவை இல்லை. ஓரக்கண்ணில் ஓடுகிற எழுத்து எதுவென்று பிடிபட, அவளுக்கே தேவைப்பட்டவை.

மார்ச் 28, சனி

சன்னம் இங்கேயே வந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ‘நாற்காலி எங்க சின்ன மேடம்? எடுத்துட்டுப் போகச் சொன்னீங்களே’ என்றாள். அத்தான் சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறிற்று.

எதற்காக வருகிறாள் இவள்? நேரடியாகவே கேட்டேன். ‘அங்க நான் எத வரைஞ்சாலும் சூப்பர்ங்கறாங்க. பயமா இருக்கு’ என்றாள். அவள் கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறாய் என்றேன். இன்னும் வைக்கவில்லையாம்.

ஏப்ரல் 2, வியாழன்

அக்கா பஸ் கம்பெனிக்காரருக்குத் தானே போன் செய்து கண் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். ‘அப்ப யாரும்மா வரையறது?’ என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது. ‘நான்தான். வாயால’ என்றாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றவர்களில் யார் சொல்லியிருக்கிறார்கள்?

ஏப்ரல் 9

போன் இல்லை. வேறு யாரையோ தேடுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அக்கா ‘தேடட்டும்’ என்கிறாள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

கம்பெனிக்காரர் நேரில் வந்தார். கையில் எதையும் காட்டாமல் எங்களைப் பஸ் நிறுத்தத்துக்கே கூட்டிப்போனார். நாங்கள் கொடுத்த சோதனை ஃபைலை வைத்து ஒரு பஸ்ஸுக்குப் பலகை போட்டிருக்கிறார். பஸ் தூரத்தில் திரும்பியதும், நிழலில் உட்கார்ந்திருந்த ஒருவர் கண்ணைச் சுருக்காமல் ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டே எழுந்து பையைத் தூக்கினார்.

‘இது போதும்’ என்றார் கம்பெனிக்காரர். சன்னத்தையும் வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டு வேலையை முடிக்கச் சொன்னார். அவள் அங்கே ராஜினாமா கொடுக்கப் போகிறாள். பஸ் போன பிறகும் அக்கா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். எதைப் பார்த்தாளோ.

ஏப்ரல் 27, திங்கள்

முதல்முறையாக அக்காவுடன் கண் டாக்டரிடம் போனேன். அத்தானுக்குக் காய்ச்சல்.

சுவரில் எழுத்து அட்டை. மேலே பெரிதாக ஆரம்பித்துக் கீழே போகப் போகச் சிறியதாகும். வலக் கண்ணை மூடிக்கொண்டு அக்கா கடகடவென்று ஐந்து வரி படித்தாள். டாக்டரின் முகம் மலர்ந்தது. ‘ரொம்ப நல்லா இருக்கே! அப்ப ஊசியக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.’ அக்கா பவ்யமாகத் தலையாட்டினாள். கண்ணில் போடுகிற ஊசி. பெயரைச் சொன்னாலே அவளுக்கு வியர்க்கும்.

எனக்கு எங்கோ இடித்தது. எழுத்தே பிழைப்பாக இருக்கிறவள். ஒரு அட்டையில் எந்த எழுத்துக்குப் பிறகு எது வருகிறது என்று மனதில் ஏற அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

‘டாக்டர், வேற அட்டை இருக்கா?’

‘ஏய்’ என்றாள் அக்கா.

அட்டையை மாற்றினார்கள். இரண்டு வரி படித்தாள். மூன்றாவதில் முதல் எழுத்தை ஊகித்தாள், தப்பாக. அப்புறம் கையைக் கீழே போட்டுவிட்டாள்.

‘போன தடவையும் இப்படித்தானா?’ என்று டாக்டர் கேட்டார். ‘சரி, பழைய கணக்கெல்லாம் அடிச்சிடறேன். இன்னிக்கிலேருந்து ஆரம்பிப்போம். இப்பவே பிடிச்சா இருக்கறதக் காப்பாத்தலாம்.’

இன்றே ஊசி. உள்ளே போகும்போது என்னைப் பார்க்காமல், அதாவது என்னைப் பார்த்துக்கொண்டு, ‘துரோகி’ என்றாள்.

ஆட்டோவில் கட்டுப் போட்ட கண்ணோடு கேட்டாள். ‘எப்படிடி கண்டுபிடிச்சே?’

‘ஒரு எழுத்தக்கூட குறை சொல்லாம படிச்சியே. அந்த அட்டைல R எவ்வளவு அசிங்கமா இருந்துச்சு!’

‘அசிங்கமாவா இருந்துச்சு?’ என்றாள். அப்புறம் வீடு வரும்வரை அந்த R எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சொல்லிக்கொண்டே வந்தேன்.

இறங்கும் முன்பே நர்ஸுக்குப் போன் செய்து, அடுத்த தடவைக்கு மூன்றாவதாக ஒரு அட்டை இருக்கிறதா என்று கேட்டுவைத்தேன். இருக்கிறதாம்.